விட்டம் சொன்னால் பாதியாக்கு

அரையாண்டுத் தேர்வில் எட்டு மதிப்பெண் வடிவியல் கணக்கில் என் மகளுக்குப் பெரும்பகுதி போயிற்று. டியூஷன் நோட்டில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். அந்த வாரமே டியூஷனை நிறுத்திவிட்டேன். பத்தாவது நடுவில் இப்படிச் செய்யலாமா என்று நாத்தனார் கோபித்துக்கொண்டார். நம் பொத்தேரியில் தெருவுக்குத் தெரு இன்ஜினியரிங் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள், ஒருவரை வைத்தாவது சொல்லிக்கொடு என்றார். நானே உட்கார்ந்தேன். அது சரியான முடிவுதான்.

கணக்கு இதுதான்: 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைய வேண்டும். அவள் காம்பஸை 6 செ.மீ.க்கு விரித்துவிட்டாள். மற்றதெல்லாம் அப்பழுக்கில்லாமல் செய்திருந்தாள். தொடுகோடு 5.3 செ.மீ. வந்தது; வரவேண்டியது 7.4. புள்ளி 5 செ.மீ. தூரத்தில் இருந்திருந்தால் வட்டத்துக்குள்ளேயே விழுந்து பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். 8 என்பதால் படம் அழகாக முடிந்துவிட்டது. சந்தேகமே வராது.

இதைக் கவனக்குறைவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மையத்தையும் வெளிப்புள்ளியையும் சேர்க்கும் கோட்டுக்கு ஏன் மையக்குத்துக்கோடு போடுகிறாய் என்று கேட்டேன். “சார் அப்படித்தான் போடச் சொன்னாரும்மா” என்றாள். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு வரிசையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். மையத்தையும் வெளிப்புள்ளியையும் சேர்க்கும் கோட்டையே விட்டமாக வைத்து இன்னொரு வட்டம் போடுகிறோம்; அதன் மையத்தைக் கண்டுபிடிக்கத்தான் மையக்குத்துக்கோடு. அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை. தொடுகோடும் ஆரமும் சந்திக்கும் கோணமும் 90 பாகைதான். அதனால்தான் இரண்டு வட்டங்களும் வெட்டுமிடத்தில் தொடுபுள்ளி கிடைக்கிறது. இது புரிந்த பிள்ளைக்கு அங்கே ஒரு செங்கோண முக்கோணம் தெரியும். 8-இன் வர்க்கம் 64, ஆரம் 3-இன் வர்க்கம் 9, கழித்தால் 55, அதன் வர்க்கமூலம் சுமார் 7.4. ஸ்கேலில் 5.3 வந்தால் தப்பு என்று அவளே பிடித்திருப்பாள்.

கேள்வித்தாளில் விட்டம் கொடுப்பதைச் சூழ்ச்சி என்பார்கள். இல்லை. நாங்கள் சிமெண்டுக் கிணற்று உறை வார்த்து விற்கிறோம். வருகிறவர்கள் நாலடி உறை, அஞ்சடி உறை என்று விட்டத்தைத்தான் சொல்வார்கள். வாய்க்குக் குறுக்கே டேப்பைப் பிடிக்கலாம்; வெற்றிடத்தில் மையம் எங்கே என்று யார் தேடுவது? காரி நாயனாரின் கணக்கதிகாரம் சொல்லும் வட்டப் பரப்புக்கான வழியும் பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்குவதுதான். பாதியாக்குவது அந்த வழிக்குள்ளேயே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பை ஆர் ஸ்கொயர் மட்டும் சொல்லித்தருகிறோம். நாலடி உறையின் வாய்ப்பரப்பு சுமார் 12.6 சதுர அடி. பாதியாக்க மறந்தால் 50-ஐத் தாண்டும், நாலு மடங்கு. கண்ணில் படும் கிணற்று உறையிலேயே பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள், ஒரு நாளில் விளங்கிவிடும்.

வட்டக் கணக்குகளில் மற்றவை சுலபம்தான். நாண் இருந்தால் அதன் இரு முனைகளையும் மையத்தோடு சேர்த்துவிடுங்கள், இருசமபக்க முக்கோணம் கிடைக்கும். ஒரே வில்லுக்கு மையக்கோணம் பரிதிக்கோணத்தைப்போல் இரு மடங்கு. வட்ட நாற்கரத்தில் எதிர்க்கோணங்கள் சேர்ந்து 180 பாகை. ஆரம் 7-இன் மடங்காக இருந்தால் 22/7 போடுங்கள். படத்தில் நாண் நடுவே போவதுபோல் தெரிந்தாலும், கேள்வியில் சொல்லாமல் அதை விட்டம் என்று எடுக்கக் கூடாது.

காம்பஸைத் தொடும் முன்பே முதல் வரியில் ‘ஆரம் =’ என்று எழுதி அடிக்கோடிட வைத்தேன். கடைசியில் கணக்குப் போட்டுச் சரிபார்த்த பிறகே மூடிவைக்க வேண்டும் என்றும் சொன்னேன். திருப்புதல் தேர்வில் எட்டும் முழுதாக வந்தது. டியூஷனிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அனுப்பவில்லை.