எந்த உலாவி நமக்கு ஏற்றது?

கந்தளாய்க் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், வயலுக்கு அது துருசு வழியாகத்தான் வர வேண்டும். இணையமும் அப்படித்தான். பரீட்சை முடிவு, வங்கிக் கணக்கு, சேமலாப நிதிப் படிவம் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவற்றை நம் போனுக்குக் கொண்டுவரும் துருசுக்குப் பெயர் உலாவி. மேலோடி என்றும் எழுதுவார்கள்.

தோட்டத்தை விட்டுக் கந்தளாய், திருகோணமலை, கொழும்பு என்று கடை வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய போன்கள் இன்று பல லயங்களில் இருக்கின்றன. பெரும்பாலும் அதில் குரோம் முன்கூட்டியே போட்டிருக்கும். "கூகுள்ல பாரு" என்று நாம் சொல்வதால் இரண்டும் ஒன்று என நினைக்கிறோம். கூகுள் தேடித் தரும் தளம். அதே கம்பனி செய்த உலாவிதான் குரோம். பயர்பொக்ஸ், ஒபேரா மினி போன்றவை வேறு உலாவிகள். எல்லாமே இலவசம். ஆகவே விலையைப் பார்த்துத் தெரிவு செய்யத் தேவையில்லை. போனின் வயதையும், செய்யப்போகும் வேலையையும் பார்க்க வேண்டும்.

முதலில் வயது. போனின் 'அமைப்புகள்' பகுதிக்குள் போய், கடைசியில் உள்ள 'போனைப் பற்றி' என்பதைத் தொட்டால் அன்ட்ரொய்ட் எத்தனையாம் இலக்கம் என்று தெரியும். 2025 ஆகஸ்டில் வந்த 139ஆம் பதிப்பிலிருந்து, குரோமுக்குக் குறைந்தது அன்ட்ரொய்ட் 10 வேண்டும். உங்கள் போன் 8 அல்லது 9 என்றால் குரோம் நின்றுவிடாது. பக்கங்கள் வழமைபோலத் திறக்கும். "திறக்குது தானே, பிறகென்ன?" என்று கேட்கலாம். ஆபத்தே அங்குதான். திருடர்கள் புகும் ஓட்டைகளை அடைத்து அனுப்பும் புதிய பதிப்பு அந்தப் போனுக்கு வராது. அப்படிப்பட்ட போனுக்குப் பயர்பொக்ஸ் நல்லது. அது அன்ட்ரொய்ட் 8, 9 இரண்டிலும் புதிய பதிப்புகளை ஏற்கிறது. பழைய கணினிகளில் நீல நிற 'ஈ' எழுத்தோடு இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15இல் நிறுத்திவிட்டது. அதில் வங்கி வேலை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது டேட்டா. ரீலோட் போட்ட காசு இரண்டு நாளில் கரைகிறது என்று குறைப்படாத வீடு இல்லை. ஒபேரா மினியில் உள்ள அதிக சேமிப்பு முறை இதற்கு உதவும். நாம் கேட்கும் பக்கத்தை ஒபேரா கம்பனியின் கணினி முதலில் வாங்கி, சுருக்கி, சிறிதாக்கி அனுப்புகிறது. செய்தி படிக்க, பரீட்சை முடிவு பார்க்க இது போதும். ஆனால் நடுவில் ஒருவர் கடிதத்தைப் பிரித்துச் சுருக்கி எழுதித் தருவதுபோல இந்த வேலை நடக்கிறது. அதனால் வங்கிக் கடவுச்சொல்லை இந்த முறையில் அடிக்கக் கூடாது. காசு வேலைக்குக் குரோமோ பயர்பொக்ஸோ. படிப்பதற்கு ஒபேரா மினி. ஒரு போனில் இரண்டு உலாவி இருந்தால் குற்றமில்லை. கத்தி ஒன்று, அரிவாள் ஒன்று என்று வீட்டில் வைத்திருக்கிறோம் அல்லவா?

எந்த உலாவி ஆனாலும் மேலே உள்ள முகவரியை வாசிக்கப் பழகுங்கள். சாதாரண தரம், உயர்தர முடிவு வரும் நாட்களில், "ரிசல்ட் வந்துருச்சு, இதை அமுக்குங்க" என்று வட்ஸ்அப்பில் யாராவது எதையாவது அனுப்பலாம். பரீட்சைத் திணைக்களத்தின் முகவரி 'டொட் எல்கே' என்று முடியும். முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் எந்த நல்ல பெயரையும் எவரும் எழுதிக்கொள்ளலாம்.

"பூட்டுப் படம் இருந்தா நம்பலாம்" என்று முன்பு சொல்லிக் கொடுத்தார்கள். கடிதம் வழியில் பிரிக்கப்படாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு. கடிதத்தை வாங்குபவர் யோக்கியரா என்று அது சொல்லாது. பலர் தவறாக விளங்கிக் கொண்டதால் 2023இல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

கொமினிகேஷன் கடையிலோ, அடுத்த காம்பராப் பிள்ளையின் போனிலோ பார்ப்பதென்றால் 'மறைநிலை' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். முடிந்ததும் மூடினால், பார்த்த விவரம் அந்தப் போனில் தங்காது. போன் கம்பனிக்கோ, நீங்கள் பார்த்த தளத்துக்கோ அது உங்களை மறைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

குரோம், பயர்பொக்ஸ் இரண்டையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று அது கேட்கும்போது, மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை காத்திராமல் அம்மாவே வாசித்து, இரவல் போன் என்றால் 'வேண்டாம்' என்பதைத் தொடலாம்.