ஜப்பானியம் படிக்கத் தொடங்கியிருக்கும் தங்கைக்கு



'மின்ன நொ நிஹொங்கொ' முதல் புத்தகத்தில் நான்கு பாடம் முடிந்தும் இலக்கணம் தலையில் ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். உன் பயிற்சித் தாள்களைப் பார்த்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு தலைகீழாகத் திருப்பியிருக்கிறாய். சிக்கல் அங்கேதான். தமிழிலேயே யோசி.

'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பது 'வதஷி க கினோ கத்த ஹொன்'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'நனி மொ நை' என்றால் 'எதுவும் இல்லை'. நம் 'உம்' செய்யும் வேலையை அங்கே 'மொ' செய்கிறது. பின்னால் வரும் பாடங்களில் இன்னும் அழகு காத்திருக்கிறது. சாப்பிட்டுப் பார் என்பதற்கு 'தபெதெ மிரு', வாங்கி வை என்பதற்கு 'கத்தெ ஒகு'. 'மிரு' என்றால் பார், 'ஒகு' என்றால் வை. நாம் துணைவினையாக்கிய அதே வினைகளை அவர்களும் துணைவினையாக்கியிருக்கிறார்கள்! ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் இதற்கு ஒரு பக்க விளக்கத்தோடு மல்லுக்கட்டுவார்கள். உனக்கு ஒரு வரி போதும்.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு இரண்டும் ஒரே குடும்பம் என்று வாதிட்டவர் மொழியறிஞர் சுசுமு ஒனோ. பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு உனக்கு வேண்டாம். அமைப்பு ஒத்துப்போகிறது, அது போதும்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. எழுவாயோடு வரும் 'வ', 'க' என்ற இரண்டு இடைச்சொற்களுக்கும் நம்மிடம் தனி உருபு இல்லை. எழுவாயை வெறுமனே விட்டுவிடுகிறோம். அதனால் எங்கும் 'வ' போட்டு வைக்கிறாய். யார், எது என்ற கேள்விச்சொல் எழுவாயாக வந்தால் 'க'தான் வரும்; அதற்கான பதிலிலும் 'க'தான். 'நான்தான் செய்தேன்' என்று அழுத்திச் சொல்லத் தோன்றினால் அங்கும் 'க' போடு. இது முழு விதியல்ல, ஆனால் ஆரம்பத்தில் பாதிக்குமேல் உன்னைக் காப்பாற்றும். அதேபோல் 'இருக்கிறது' என்ற நம் ஒரே சொல் அங்கே இரண்டாகப் பிரியும்: ஆளுக்கும் விலங்குக்கும் 'இரு', மேசைக்கும் மரத்துக்கும் 'அரு'.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதை இன்றோடு நிறுத்து. இந்தக் கடிதத்தில் நான் எழுதியது உனக்கு விளங்குவதற்காக மட்டுமே. பல்கலைக்கழகத்துக்கும், படிப்பைப் பாதியில் விடுவதற்கும் அங்கே முதல் ஒலியில்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் இரண்டுமே 'தைககு' என்றாகிவிடும். பதிலாக ஜப்பானிய எழுத்தான ஹிரகனாவிலேயே எழுது; அதில் 46 எழுத்துகள்தான். அதன் வரிசையும் அ, இ, உ, எ, ஒ என்றே தொடங்குகிறது. பௌத்தத் துறவிகள் படித்த சித்தம் எழுத்துமுறையின் வழியே இந்திய அகரவரிசை அங்கே போனதன் பலன் அது. குறில் நெடில் பேதம் நம் காதுக்குப் பழகியது. அத்தையை 'ஒபசன்' என்றும் பாட்டியை 'ஒபாசன்' என்றும் பிரித்துச் சொல்ல மற்றவர்கள் திணறும்போது நீ திணறமாட்டாய்.

சொற்களைத் தனித்தனியாக உருப்போடாதே. வாக்கியத்தோடு, உரக்கச் சொல்லிப் படி. எண்ணும்போது பென்சிலுக்கு 'ஹொன்', காகிதத்துக்கு 'மை', மனிதருக்கு 'நின்' என்று பின்னொட்டு மாறும். பென்சில்களை எண்ணினால் 'இப்பொன், நிஹொன், சம்பொன்' என்று அந்தப் பின்னொட்டே உருமாறும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. கையில் பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணிப் பழகு.

சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி நடக்கிறது. அதன் தொடக்க நிலையான என்5-க்கு எழுது, ஆனால் அதில் பேச்சுத் தேர்வே இல்லை என்பதை மறக்காதே. சான்றிதழ் வந்தும் வாய் திறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். உன் வகுப்பில் ஒருவரைப் பிடித்து இந்த வாரமே பேசத் தொடங்கு. அடுத்த கடிதத்தில் நான்கு வரியாவது ஹிரகனாவில் எழுதி அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா