வீட்டிற்கேற்ற படவீழ்த்தி

1905-ஆம் ஆண்டில், இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சிராப்பள்ளியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படவீழ்த்தி வாங்கி, ஊரூராய்ச் சென்று சலனப்படம் காட்டினார். அன்று கூடாரத்திற் கண்ட காட்சியை இன்று வீட்டுச் சுவரிலேயே காணலாம். சிறு பொருளில் நற்கருவி வாங்க விழைவோர் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, நுண்மை. உயர்தெளிவுப் படம் கிடையாக 1920, நெடுக்காக 1080, ஆக 20,73,600 புள்ளிகளாலாயது. மலிவுக் கருவிகள் பல இதனை ஏற்பினும், குறைந்த புள்ளிகளாகச் சுருக்கியே காட்டும். ஆகலின் கருவியின் இயல்பான புள்ளித்தொகை யாதென வினவுக.

இரண்டாவது, ஒளி. திரையின் அகலமும் உயரமும் இருமடங்காயின் பரப்பு நான்மடங்காகும். ஒளிச்செறிவு நாலிலொன்றாய்க் குறையும். நம் மலையுச்சியில் ஏற்றும் கார்த்திகைத் தீபம் இரவில் நெடுந்தொலைவிலும் தெரிகின்றது. நண்பகலில் அவ்வொளி எடுபடாது. அவ்வாறே, இருண்ட அறையும் அளவான திரையும் உடையார்க்கு மிகுந்த லூமென் வேண்டுவதின்று. ஆன்சி, ஐ.எஸ்.ஓ. முதலிய அளவைமுறை குறிக்கப்பெறாத லூமெனை நம்பற்க.

மூன்றாவது, தொலைவு. திரைக்குள்ள தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்து வருவது எறிவிகிதம். அது 1.5 ஆயின், 12 அடித் தொலைவில் 8 அடி அகலப் படம் தோன்றும்.

எனவே கடைக்குச் செல்லுமுன் அறையை அளக்க. சன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலை இடுக. அச்சிறு செலவு பெருஞ்செலவைத் தவிர்க்கும்.