அடுப்புப் புகையும் குடும்ப நலனும்

நமது கிராமப்புற இல்லங்களில் உடல்நலத்திற்கு நேரும் கேடுகளுள் முக்கியமானது அடுப்புப் புகையாகும். விறகும் வறட்டியும் செலவின்றிக் கிடைப்பதாகக் கருதப்படுகிறது. ஆனால் சுள்ளி பொறுக்கும் நேரமும், புகையினால் வரும் இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றின் சுமையும் எந்தக் குடும்பக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அச்சுமையைத் தாங்குவோர் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே.

இக்கேட்டைக் களைய 1980-களில் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2002-க்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. எனினும் புகைபோக்கியில் படியும் கரியை அகற்றவும், பழுதுபார்க்கவும் போதிய ஏற்பாடு இல்லாமையால் பல அடுப்புகள் கைவிடப்பட்டன.

2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம், 2019 செப்டம்பருக்குள் 8 கோடி எரிவாயு இணைப்புகளை வழங்கியது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளால் சமைத்த வீடுகள் நகரங்களில் 89.7 விழுக்காடு, கிராமங்களில் 43.2 விழுக்காடே. உருளை வாங்கப் பணமில்லாத மாதங்களில், இணைப்புப் பெற்ற வீட்டிலும் விறகே எரிகிறது. ஆகவே வழங்கிய இணைப்புகளோடு, ஆண்டில் வாங்கப்பட்ட உருளைகளையும் வெற்றியின் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

எரிவாயுவைக் கையாளவும் பயிற்சி தேவை. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். வாடை வந்தால் உடனே ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விசைகளைத் தொடாமல் வெளியேறி, 1906 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும். விறகெரிக்கும் இல்லங்களில் உலர்ந்த விறகையே பயன்படுத்துவதும், புகைபோக்கியைத் தவறாது துப்புரவு செய்வதும், குழந்தைகளை அடுப்படியிலிருந்து விலக்கி வைப்பதும் இன்றே இயலக்கூடியவை.

அடுப்பை வழங்குவது திட்டத்தின் தொடக்கமே. அது நாள்தோறும் புகையின்றி எரிவதே அதன் நிறைவு.