ஒற்றைப் பாட்டை எடைபோட வருபவர்களுக்கு

மேற்கத்திய பாப், ராக் பாடல்களைப் பற்றி எழுத வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "யாரையெல்லாம் கேட்கணும் சார்?" பட்டியல் யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும். நான் சொல்ல நினைப்பது வேறு. ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்த பாட்டும் சரி, சினிமாவிலிருந்து எடுத்த பாட்டும் சரி, நம் காதுக்கு வரும்போது சொந்த எடையில் வருவதில்லை. ஆல்பத்துப் பாட்டு எதையோ இழந்துவிட்டு வருகிறது. சினிமாப் பாட்டு எதையோ கடன் வாங்கிக்கொண்டு வருகிறது. முன்னதற்குக் கூட்டிப் பார்க்க வேண்டும், பின்னதற்குக் கழித்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை பெரும்பாலும் இந்தக் கூட்டல் கழித்தலைப் பற்றியவைதான்.

1. முதலில் படத்தை அணையுங்கள். வீடியோ வேண்டாம், படக்காட்சி வேண்டாம், ஆல்பத்தின் அட்டையைக்கூடப் பார்க்க வேண்டாம். வெறும் காதால் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை குரலை. இரண்டாம் முறை பாஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும். மூன்றாம் முறை மொத்தமாக. பாஸைத் தனியே பிரித்துக் கேட்கப் பழகாதவர்கள் ராக் பற்றி எழுதினால் பாதி கட்டடத்தைப் பார்த்து விலை சொன்ன மாதிரி இருக்கும்.

2. நம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் பல்லவியில் தொடங்கும். அதனால் முதல் வரியிலேயே பாட்டின் முகம் தெரிந்துவிடும் என்று நம் காது எதிர்பார்க்கிறது. ராக், பாப் பாட்டுகளில் பெரும்பாலும் சரணம் முன்னால் வரும். திரும்பத் திரும்ப வரும் பகுதி பிறகுதான். இவை இரண்டிலும் சேராத மூன்றாவது மெட்டு ஒன்று, பிரிட்ஜ் என்பார்கள், பாட்டு முக்கால்வாசி கடந்தபின் ஒரே ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போகும். தொடக்கம் சப்பென்று இருக்கிறதே என்று அரை நிமிடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறவர் இன்னும் தொடங்காத பாட்டைத்தான் நிராகரிக்கிறார். கட்டாயம் கடைசிவரை கேளுங்கள்.

3. ஆல்பத்துப் பாட்டை மதிப்பிடும்போது அதற்கு முன்னால் உள்ள பாட்டின் கடைசி நிமிடத்தையும் பின்னால் உள்ளதின் முதல் நிமிடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) இதற்கு நல்ல பள்ளிக்கூடம். அதில் சாவைப் பற்றிய 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' என்ற பாட்டில் கிளேர் டாரி என்ற பாடகி சொல்லே இல்லாமல் பாடுகிறார். அழுகையா, மன்றாட்டா, சினமா என்று பிரிக்க முடியாத குரல் மெல்ல அடங்கி ஓய்கிறது. அடுத்த பாட்டு 'மணி'. சில்லறைக் காசு குலுங்குகிறது, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி கிணிங் என்கிறது, எல்லாமே தாளத்துக்குள். சிடியிலும் ஃபோனிலும் ஒன்று முடிந்த கையோடு மற்றது வந்துவிடும். ஆனால் இசைத்தட்டில் முதலாவது முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, 'மணி' மறுபக்கத்தின் முதல் பாட்டு. கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டாக வேண்டும். அந்தக் கேட்பவருக்குச் சாவுக்கும் காசுக்கும் நடுவே ஊசி தூக்கி வைக்கும் நேரம் கிடைத்தது. இன்று கேட்பவருக்கு அது கிடைப்பதில்லை. இரண்டுக்கும் தனித்தனி அழகு உண்டு. நீங்கள் எதைக் கேட்டுவிட்டு எழுதுகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

'மணி'யை விரல் விட்டு எண்ணியும் பாருங்கள். ஏழு ஏழாகப் போகும். கிட்டார் தனியாவர்த்தனம் வந்ததும் நான்கு நான்காக மாறும். மிஸ்ர சாபுவில் கைபழகியவர்களுக்கு ஏழு ஒன்றும் புதிதல்ல, ஆனால் மேற்கே வானொலியில் ஓடி வெற்றிபெற்ற பாட்டுக்கு அது அபூர்வம். நான்குக்கு மாறும்போது கிடைக்கும் விடுதலையை உடம்பு உணரும். விமர்சனத்தில் அதை எழுதலாம்.

பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' (1967) பாட்டும் இப்படித்தான். முந்தைய பாட்டில், வேறொரு குழுவாக வேடமிட்டு அவர்கள் நடத்தும் கச்சேரி முடிந்து கைதட்டல் ஓயும் இடத்தில் ஒரு தனிக் கிட்டார் நுழைகிறது. முன்பாட்டை வெட்டிவிட்டால் அது சாதாரணத் தொடக்கம். சேர்த்துக் கேட்டால், வேடம் கலைத்த மனிதர் பேச ஆரம்பிப்பது போலிருக்கும். அந்தப் பாட்டின் கடைசியில் பல பியானோக்களில் ஒரே சமயத்தில் அடித்த ஒரு கார்டு நாற்பது விநாடிக்கு மேல் ஒலிக்கும். ஒலி தேயத் தேயப் பதிவின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கூர்ந்து கேட்டால் கடைசியில் யாரோ உட்கார்ந்திருக்கும் நாற்காலி முனகுவதுகூடக் காதில் விழும்.

அதற்காக எல்லா ஆல்பத்துக்கும் ஒரு கதை கட்டாதீர்கள். பெரும்பாலானவை பத்துப் பன்னிரண்டு பாட்டுகளின் மூட்டை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

4. சினிமாப் பாட்டானால் முதல் கேள்வி: எது முன்னால் பிறந்தது, படமா பாட்டா? 'த கிராஜுவேட்' (1967) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் 'த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' படத்துக்காகப் பிறந்ததல்ல. சைமன், கார்ஃபங்கல் இருவரும் 1964-லேயே வெறும் கிட்டாரோடு பாடியது. அடுத்த ஆண்டு தயாரிப்பாளர் டாம் வில்சன், அவர்களுக்கே தெரியாமல், எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து வெளியிட, 1966 தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. இயக்குநர் மைக் நிக்கல்ஸ் ஏற்கெனவே சம்பாதித்துவிட்ட பாட்டைத்தான் வாடகைக்கு எடுத்தார். அதே படத்தின் 'மிஸஸ் ராபின்சன்' நேரெதிர். படத்தில் முழுப் பாட்டே கிடையாது, துண்டு துண்டாகத்தான் வரும். நாயகனின் காரில் பெட்ரோல் தீரும்போது கிட்டாரும் திணறித் திணறி நின்றுபோகும். முழுப் பாட்டு 1968-இல் 'புக்கெண்ட்ஸ்' ஆல்பத்தில்தான் வந்தது. இரண்டையும் "கிராஜுவேட் பாட்டுகள்" என்று ஒரே தராசில் போடுவது சோம்பேறித்தனம்.

5. ஒரே பாட்டு இரண்டு குரலில் கிடைத்தால் விடாதீர்கள். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்றதும் எல்லோருக்கும் விட்னி ஹூஸ்டனும் 'த பாடிகார்ட்' (1992) படமும்தான் ஞாபகம் வரும். பாட்டை எழுதியவர் டாலி பார்ட்டன், வெளியானது 1974. காதலனை நினைத்து எழுதியதல்ல. தன்னைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வளர்த்துவிட்ட போர்ட்டர் வேகனரிடமிருந்து பிரிந்து, தனி வழி போக முடிவெடுத்தபோது அவருக்குச் சொன்ன விடை. ஒரு வேலையை விட்டுப் போகும் பாட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். காவலனுக்கும் பாடகிக்கும் இடையிலான காதல் முழுவதும் படம் கொடுத்த கடன்.

கடனைக் கழித்துவிட்டுக் கேளுங்கள். விட்னியின் பதிவில் முதல் நாற்பது விநாடி சொச்சம் பக்கவாத்தியமே இல்லை, தனிக்குரல். படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது அது. பிற்பகுதியில் சாக்சபோன், பிறகு ஒரு கணம் எல்லாம் நின்று, ஒற்றை டிரம் அடி விழுந்து, சுருதி ஒரு முழுப் படி ஏறுகிறது. டாலியின் பதிவில் இந்த ஏற்றம் எதுவும் கிடையாது. மூன்றாம் சரணத்தை அவர் பாடுவதுகூட இல்லை, பேசுகிறார். வாழ்த்துச் சொல்லும்போது தொண்டை கட்டிப்போனவர் மாதிரி. என்னைக் கேட்டால், பாட்டுக்கான மதிப்பெண் டாலிக்கு, பாடியதற்கான மதிப்பெண் விட்னிக்கு. ஒருவருடையதை எடுத்து மற்றவருக்குக் கொடுப்பதுதான் புதிய விமர்சகர்கள் வழக்கமாகச் செய்வது.

6. இல்லாததைக் கேளுங்கள். பிரின்ஸின் 'வென் டவ்ஸ் க்ரை' (1984, 'பர்ப்பிள் ரெய்ன்' படம்) பாட்டில் பாஸே கிடையாது. பதிவு செய்திருந்ததை அவரே கடைசியில் எடுத்துவிட்டார். நடனப் பாட்டில் பாஸ் இல்லாமல் இருப்பதென்பது துணிச்சல். பாட்டு முழுக்கக் கால் தரையில் படாத ஒரு தவிப்பு அதனால்தான்.

'சாட்டர்டே நைட் ஃபீவர்' (1977) படத்தின் 'ஸ்டேயின் அலைவ்' பாட்டில் இல்லாதவர் டிரம்ஸ்காரர். குடும்பக் காரணமாக ஊருக்குப் போயிருந்தார். பீ ஜீஸ் சகோதரர்களின் மற்றொரு பாட்டான 'நைட் ஃபீவர்' பதிவிலிருந்து இரண்டே ஆவர்த்தனத்தை வெட்டி, நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார்கள். ஏறாமல் இறங்காமல் அடித்துக்கொண்டே போகும் அந்தத் தாளம்தான் பெயின்ட் டப்பாவோடு தெருவில் நடந்துவரும் நாயகன் டிரவோல்டாவின் நடைக்கு அப்படிப் பொருந்தியது. இத்தனைக்கும் பாட்டை எழுதும்போது சகோதரர்கள் படத்தைப் பார்த்திருக்கவில்லை. நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் அடி என்பதால், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவிப் பயிற்சியிலும் இதே பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். விமர்சனத்துக்குத் தேவையில்லாத தகவல்தான். ஆனால் ஒரு தாளத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

7. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். சத்தமாக ஒலிப்பது நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். இது தெரிந்துதான் பல ஆண்டுகள் ஆல்பங்களை மேலும் மேலும் சத்தமாக வார்த்தார்கள். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' (2008) வந்தபோது ரசிகர்களே சண்டைக்குப் போனார்கள். 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் நசுங்காமல் தெளிவாக இருந்ததே காரணம். பாட்டு நன்றாக இருந்து பதிவு மோசமாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனி வாக்கியத்தில் எழுதுங்கள்.

8. எந்த வெட்டு என்று பாருங்கள். டெரிக் அண்ட் த டோமினோஸின் 'லெய்லா' (1970) ஏழு நிமிடம். முன்பாதி கிட்டார் கூச்சல், பின்பாதி பியானோ. சிங்கிளுக்காகப் பாதிக்குமேல் வெட்டி விட்டபோது பெரிதாக ஓடவில்லை. 1972-இல் முழுசாக வந்தபோது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் பத்துக்குள் வந்தது. மார்ட்டின் ஸ்கார்சேசி 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தில் பிணங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கும் காட்சிக்குப் பின்பாதியை மட்டும் எடுத்தார். படம் வழியாக வந்தவருக்கு 'லெய்லா' ஒரு துக்கப் பாட்டு. வானொலி வழியாக வந்தவருக்கு அது வெறிபிடித்த காதல்.

9. வரிகளை முதலிலேயே படிக்காதீர்கள். இங்கிலீஷ் நமக்குத் தாய்மொழி இல்லையே, புரியாவிட்டால் எப்படி மதிப்பிடுவது என்று தயங்க வேண்டாம். கிங்ஸ்மென் குழு 1963-இல் பாடிய 'லூயி லூயி' பாட்டில் ஆபாசம் இருக்கிறதென்று புகார் வந்து, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. விசாரித்து, கடைசியில் என்ன பாடுகிறார்கள் என்றே புரியவில்லை என்று கோப்பை மூடியது. அமெரிக்கப் போலீசுக்கே அந்த நிலைமை. முதலில் குரலின் தொனி என்ன சொல்கிறது என்று குறித்துக்கொண்டு, அப்புறம் வரிகளைப் படியுங்கள். இரண்டும் மோதினால் எழுத விஷயம் கிடைத்தது.

10. பரிசும் தரவரிசையும் பாட்டின் வயதைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 'பொஹீமியன் ராப்சடி' 1976-இல் அமெரிக்காவில் ஒன்பதாம் இடம். 'வேய்ன்ஸ் வேர்ல்ட்' படத்தில் நாலைந்து பேர் காருக்குள் தலையை ஆட்டியபின், 1992-இல் இரண்டாம் இடம். பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. நம் ரஹ்மானுக்கு 2009-இல் ஆஸ்கர் வாங்கித் தந்த 'ஜெய் ஹோ', கதை முடிந்தபின், ரயில் நிலையத்தில் ஆடிக்கொண்டே பெயர்கள் ஓடும் இடத்தில் வருகிறது. படத்தின் உள்ளே வர வேண்டும், அல்லது முடிவுப் பெயர்களோடு வரும் முதல் இசையாக இருக்க வேண்டும் என்பது அந்தப் பரிசின் விதி. இந்த மாதிரிப் பாட்டு கதையிலிருந்து வாங்கும் கடன் குறைவு, அதனால் கழிக்க வேண்டியதும் குறைவு. ரஹ்மான் செய்ததிலேயே அதுதான் சிறந்ததா என்றால், நம்மூரில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள்.

11. எழுதும்போது "மனதை வருடும்", "தாளம் போடவைக்கும்", "மயக்கும் குரல்" மூன்றையும் அடித்துவிடுங்கள். எந்தப் பாட்டுக்கும் ஒட்டும் சொல் எந்தப் பாட்டையும் பற்றியதல்ல. எத்தனையாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். வாசகர் அந்த இடத்துக்குப் போய்க் கேட்டு, உங்களோடு சண்டை போடட்டும்.

12. முதல் பயிற்சிக்கு 'பர்ப்பிள் ரெய்ன்' தலைப்புப் பாட்டையே தருகிறேன். 1983 ஆகஸ்டில் மினியாபொலிஸ் நகரின் ஃபர்ஸ்ட் அவென்யூ கிளப்பில், கூட்டத்தின் முன்னால் வாசித்ததே அதன் அடிப்படைப் பதிவு. தொடக்க கார்டுகளை வாசிக்கும் வெண்டி மெல்வாய்னுக்கு அப்போது வயது 19, அவர் பிரின்ஸின் குழுவோடு மேடையேறிய முதல் நாள் அது. ஆகவே அது மேடைப் பாட்டு, ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, படத்தின் உச்சக்காட்சி மூன்றும்தான். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். முதலில் தனியாக, பிறகு ஆல்பத்தில் அதற்கு முந்தைய பாட்டோடு, கடைசியாகப் படத்தில் என்று கேளுங்கள். ஒவ்வொன்றிலும் எது கூடியது, எது குறைந்தது என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.