தேக்கிலையைத் தின்பது எது?



கேரளத்திலுள்ள நிலம்பூரில் 1840களிலேயே தேக்கு நட்டார்கள். கோடை மழைக்குத் தளிர்த்த தேக்கு, சில வாரங்களில் மொட்டையாய் நிற்பதை அங்கே என் கண்ணால் கண்டேன். "மரம் பட்டுப்போச்சே!" என்று பலரும் பயந்துபோகிறார்கள். பயப்படவேண்டாம், முதலாவது ஆராய்ந்து அறியுங்கள். மூன்று காரியங்களைக் கவனிப்போம்.

1. அடையாளம்

இலையைப் பாருங்கள். பெரிய நரம்பு மட்டும் நின்று, மற்றதெல்லாம் போயிருந்தால், அது ஹைபிளியா பியூரா என்னும் அந்துப்பூச்சியின் புழு. சின்ன நரம்புகளும் வலைபோல் மிஞ்சியிருந்தால், அது யூடெக்டோனா என்னும் வேறொரு பூச்சி. இது பருவத்தின் பிற்பகுதியில் முற்றிய இலையைச் சுரண்டித் தின்னும். ஹைபிளியா சிறகு விரித்தால் 3 முதல் 4 செ.மீ. தான். உட்கார்ந்தால் காய்ந்த சருகுதான்! முன்சிறகு சாம்பல் கலந்த பழுப்பு. அதற்குக் கீழே ஒளிந்திருக்கும் பின்சிறகோ கறுப்பு, அதில் ஆரஞ்சு மஞ்சள் திட்டுகள். இதுவே நிச்சயமான அடையாளம்.

2. நான்கு நிலைகள்

முட்டை: தாய்ப்பூச்சி இளந்தளிரில் ஒவ்வொன்றாக, ஏறக்குறைய 500 முட்டை இடும். இரண்டொரு நாளில் பொரியும்.

புழு: இலையோரத்தைக் கத்தரித்து மடித்து, பட்டு நூலால் கட்டி, அந்த மறைவிலிருந்து தின்னும். ஐந்து பருவங்களைக் கடக்க சுமார் 10 முதல் 12 நாள்.

கூட்டுப்புழு: நூல் பிடித்துத் தரைக்கு இறங்கி, சருகுக்குள் கூடு கட்டும். சுமார் ஒரு வாரம்.

பூச்சி: சிறகோடு வெளியே வரும். ஆக மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிஞ்சுபோகும்!

3. நஷ்டமும் தீர்வும்

மரம் சாவதில்லை, மறுபடியும் தளிர்க்கும். அப்படின்னா நஷ்டமே இல்லையா? உண்டு. கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் நிலம்பூரின் இளந்தேக்குகளில் செய்த ஆய்வு 1985இல் வெளியானது. பூச்சியினால் மரவளர்ச்சியில் 44 சதவீதம் குறைந்ததாக அது காட்டியது. மரம் தளிருக்குச் செலவிடும் பலம், தண்டு பருக்க உதவாமல் போகிறது.

இந்தப் புழுவைத் தாக்கும் ஒரு வைரஸையே அதே நிலையத்தார் மருந்தாக்கினார்கள். புழு சின்னதாயிருக்கும்போது இலையில் தெளித்தால் பலன் உண்டு. புழு தரைக்கு இறங்கின பிறகு மரத்துக்கு விஷ மருந்தடிப்பது வீண். பணமும் போகும், நன்மை செய்கிற பூச்சிகளும் சாகும்.

ஆகவே தேக்கு வைத்திருக்கிறவர்களே, தளிர் விட்ட முதல் வாரத்திலேயே இலையைத் திருப்பிப் பாருங்கள். மடித்த ஓரம் கண்ணில் பட்டால், அதுவே ஏற்ற சமயம். மரம் மொட்டையான பின்பு அல்ல!