உப்பும் தூக்கமும் லித்தியமும்



நம் கெமிக்கல் பிரிவில் லித்தியம் என்றதும் பேட்டரிதான் ஞாபகம் வரும். உலோகங்களிலேயே மிக லேசானது, அணு எண் 3. அதே லித்தியத்தின் கார்பனேட் உப்பை எங்கள் வீட்டில் தாய்மாமா தினமும் ராத்திரி மாத்திரையாக விழுங்குகிறார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் மாத்திரை அட்டையைப் படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

மாமாவுக்கு வந்தது இருமுனை மனநோய். பைபோலார் என்பார்கள். ஒரு முனை மேனியா. ஒரு வாரத்துக்குக் குறையாமல் மனம் துள்ளும், இரண்டு மணி நேரம் தூங்கினாலும் களைப்பே இராது, பேச்சு நிற்காது, காசு தண்ணீராய் ஓடும். மறுமுனை சோர்வு. அது வாரக்கணக்கில் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். மாமா ரெண்டு ஆட்டை வித்து தெருவுக்கே சட்டை எடுத்துக் குடுத்தார். தாராள மனசுன்னு புகழ்ந்தவங்களே அடுத்த வாரம் பேய் பிடிச்சிருக்குன்னாங்க. மந்திரிப்பதிலேயே மூன்று மாதம் போயிற்று.

பிறகு ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ் அக்கா மாமாவிடம் ஒருநாளும் வாதாடவில்லை. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவார். மாமா உட்கார்ந்து சாப்பிட மாட்டார் என்பதால் நடந்துகொண்டே தின்ன இட்லியும் வாழைப்பழமும் கையில் கொடுத்தார். சத்தமில்லாத மூலைக்குக் கட்டிலை மாற்றினார். "சோர்வு விலகுற நேரத்துலதான் ஜாக்கிரதையா இருக்கணும். சாகணும்ங்கிற நினைப்பு போறதுக்கு முந்தி உடம்புல தெம்பு வந்துடும். அப்படித் தோணுதான்னு நேராவே கேளு, கேக்குறதால நினைப்பு வந்துடாது" என்றார். நான் இதற்கு நேர்மாறாக அல்லவா நினைத்திருந்தேன்!

மேனியாவுக்கு லித்தியம் உதவும் என்று 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். ஆனால் மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும்.

இதில் உப்புக்கு என்ன வேலை? உடம்பில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். பிடிக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். போன மே மாதம் இதுதான் நடந்தது. வெயிலில் அறுப்பு வேலை, வியர்வை. பிரஷருக்கு நல்லது என்று அம்மாச்சி குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபினாக் வேறு, அதுவும் லித்தியத்தை ஏற்றும். மாமாவுக்கு வயிற்றோட்டம், தள்ளாட்டம், நாக்குக் குழறல். டம்ளர் பிடிக்க முடியாமல் கை உதறியது. லேசான நடுக்கம் சாதாரணம்தான் என்று படித்திருந்த நான் இதையும் அப்படியே நினைத்து ஒருநாள் விட்டுவிட்டேன். மறுநாள் ரத்தத்தில் 1.9. மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அந்த ஒருநாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்கும்.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். மாமா தூங்கிய மணி, ரத்தப் பரிசோதனைத் தேதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம், தைராய்டு சோதனை எல்லாம் அதில் உண்டு. தூக்கம் இரண்டு ராத்திரி தொடர்ந்து குறைந்தால் உடனே டாக்டரிடம் போகிறோம்.

"நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்குடா மாத்திரை?" என்று மாமா மாதாமாதம் கேட்கிறார். மாத்திரைதான் நல்லா வெச்சிருக்கு மாமா, சட்டுனு விட்டா திரும்ப வந்துடும் என்பேன். முனகிக்கொண்டே விழுங்குவார். போன சோதனையில் 0.7.

— இரண்டாமாண்டு, கெமிக்கல்